பீக்கரில் போட்டதும் படிகத்தில் வந்ததும்



சந்திப்பு மலர் என்றால் ஹாஸ்டல் நினைவுகள், மெஸ் சாப்பாடு, கல்ச்சுரல்ஸ் எல்லாம் தாராளமாக வரும். அவற்றை என்னைவிடச் சுவையாக எழுதுகிறவர்கள் நம் செட்டிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்த நாள் முதலாகப் படிகமாக்கும் கலன்களோடு குடித்தனம் நடத்துகிறவன். அதனால் எனக்குத் தெரிந்த ஒரு சரித்திரத்தைச் சொல்கிறேன். அமினோ அமிலக் கரைசலில் வேறொரு பொருளைக் கொஞ்சம் சேர்த்தால் அதிலிருந்து வரும் படிகம் ஏன் மாறுகிறது என்று மனிதர்கள் கண்டுபிடித்த கதை இது. இரண்டு நூற்றாண்டுக் கதை. இதன் கடைசி அத்தியாயத்தில் நம் ஊர்க் கல்லூரிகளும் வருகின்றன.

பாகும் எலுமிச்சையும்

சேர்பொருளின் வேலையை நம் வீட்டுச் சமையலறையிலேயே பார்க்கலாம். ஜாமூனுக்கோ பாதுஷாவுக்கோ சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது அம்மா நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவார்கள். விடாவிட்டால் மறுநாள் பாகு கல்கண்டு மாதிரி கட்டிக்கொள்ளும். எலுமிச்சையின் புளிப்பு, சர்க்கரையில் ஒரு பகுதியை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்துவிடுகிறது. இந்த இரண்டும் கலந்திருக்கும்போது மீதிச் சர்க்கரையால் வரிசையாக அடுங்கிப் படிகமாக முடிவதில்லை. கொஞ்சம் அந்நியச் சரக்கு, மொத்தப் பாகும் அடங்கிவிடுகிறது.

இதை விஞ்ஞானமாக முதலில் பதிவு செய்தவர்களில் ஒருவர் பிரான்ஸ் நாட்டு ரோமே த லில். சமையல் உப்பு எப்போதும் கனசதுரமாகத்தான் படியும். அந்தக் கரைசலில் சிறுநீரைச் சேர்த்தால் எட்டு முகப் படிகமாக வருகிறது என்று 1783-ல் எழுதினார். காரணம் சிறுநீரில் உள்ள யூரியா. கேட்க அருவருப்பாக இருந்தாலும், ஒரு சேர்பொருள் படிகத்தின் வடிவத்தை மாற்றும் என்பதற்கு அது அருமையான சாட்சி.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். உப்பு கனசதுரமாக வந்தாலும் எட்டு முகமாக வந்தாலும் உள்ளே அணுக்களின் அடுக்கு ஒன்றுதான். வெளித்தோற்றம் மட்டும் மாறியிருக்கிறது. சில பொருட்களில் உள் அடுக்கே மாறும். வீட்டின் முகப்பை மாற்றிக் கட்டுவது ஒன்று, பிளானையே மாற்றுவது வேறு. இந்த இரண்டாவதற்குத்தான் பல்லுருத்தன்மை என்று பெயர். மூலக்கூறு அதேதான், அடுக்கு வேறு. அடுக்கு மாறினால் கரையும் வேகம், உருகுநிலை, மின் குணம், ஒளிக்குணம் எல்லாமே மாறலாம். ரிட்டோனவிர் என்ற எய்ட்ஸ் மருந்து 1996-ல் விற்பனைக்கு வந்தது. 1998-ல் யாரும் எதிர்பாராமல் அதைவிடக் கரையாத இன்னொரு வடிவம் தலைகாட்டியது. மருந்து அதே மருந்துதான். ஆனால் காப்ஸ்யூல்களைச் சந்தையிலிருந்து எடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஜெலட்டின் சர்க்கரை

இனி அமினோ அமிலங்களுக்கு வருவோம். முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது ஆஸ்பராஜின். 1806-ல் வோக்லனும் ரோபிகேயும் ஆஸ்பராகஸ் தண்டின் சாற்றிலிருந்து எடுத்தார்கள். நம் ஊர்த் தண்ணீர்விட்டான் கிழங்கும் அந்த ஆஸ்பராகஸ் இனம்தான். 1820-ல் நான்சி நகரத்து ஆன்றி பிராக்கொனோ ஜெலட்டினைக் கந்தக அமிலத்தோடு கொதிக்க வைத்தார். இனிப்பான படிகங்கள் கிடைத்தன. அவர் அதை ஒரு சர்க்கரை என்றே நினைத்து 'ஜெலட்டின் சர்க்கரை' என்று பெயர் வைத்தார். அதுதான் கிளைசின், அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது. இனிப்பு என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்துதான் பின்னால் இந்தப் பெயர் வந்தது.

கிளைசின் ஒரு சாதுவான பொருள். 25 டிகிரியில் 100 மில்லி தண்ணீரில் சுமார் 25 கிராம் கரையும். தண்ணீரை ஆவியாக விட்டால் அழகான படிகங்கள் வரும். ஆனால் 1905-ல் எமில் ஃபிஷர் இதற்கு இன்னொரு வடிவம் இருப்பதைப் பதிவு செய்தார். கரைசலோடு ஆல்கஹால் சேர்த்தால் ஊசி ஊசியாக வரும் வடிவம் அது. சாதாரணமாக வருவதை ஆல்பா என்றும், இந்த ஊசி வடிவத்தைப் பீட்டா என்றும் இன்று சொல்கிறோம்.

உள்ளே என்ன அடுக்கு என்று பார்க்க எக்ஸ்ரே வேண்டியிருந்தது. 1939-ல் அமெரிக்காவில் கால்டெக்கைச் சேர்ந்த ஆல்பிரெக்ட், கோரி இருவரும் ஆல்பா கிளைசினின் அமைப்பைக் கண்டறிந்தார்கள். பின்னால் 1951-ல் பாலிங்கோடு சேர்ந்து புரதங்களின் ஆல்பா சுருளைச் சொன்ன அதே கோரிதான்.

மூன்றாவது வடிவம் ஜப்பானிலிருந்து வந்தது. 1954-ல் இட்டாக்கா காமா கிளைசினை அறிவித்தார். கரைசலில் அசெட்டிக் அமிலத்தையோ அம்மோனியாவையோ சேர்த்தால் இந்த வடிவம் கிடைத்தது. 1960, 1961-ல் பீட்டா, காமா இரண்டின் முழு அமைப்பையும் அவரே வெளியிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அறை வெப்பநிலையில் இந்த மூன்றிலும் மிக நிலையானது காமாதான். அடுத்தது ஆல்பா. பீட்டா கடைசி. அப்படியானால் சுத்தமான தண்ணீரில் காமாதானே வர வேண்டும்? வருவது ஆல்பா. அவசரத்தில் முதலில் வருவது மிக நிலையான வடிவமாக இருக்க வேண்டியதில்லை என்று 1897-லேயே ஆஸ்ட்வால்ட் சொல்லியிருந்தார். படிகமாவது ஒரு ஓட்டப்பந்தயம். பலசாலி ஜெயிப்பதில்லை, வேகமாக ஓடுகிறவன் ஜெயிக்கிறான். அசெட்டிக் அமிலமோ அம்மோனியாவோ சேர்ந்தால் மட்டும் பந்தயத்தின் முடிவு மாறுகிறது. ஏன் என்பதற்கு அப்போது யாரிடமும் தெளிவான பதில் இல்லை.

அஜினோமோட்டோ ஆலையில்

இதே கேள்வி ஒரு தொழிற்சாலையில் காசுக் கணக்காக எழுந்தது. 1908-ல் டோக்கியோவில் கிக்குனே இக்கேடா கடற்பாசியின் ருசிக்குக் காரணம் குளுட்டாமிக் அமிலம் என்று கண்டுபிடித்தார். அடுத்த வருடமே அதன் சோடிய உப்பு 'அஜினோமோட்டோ' என்ற பெயரில் விற்பனைக்கு வந்துவிட்டது. நம் ஊர் ஃபிரைடு ரைஸ் கடை வரைக்கும் வந்து சேர்ந்த அதே சரக்கு. முதலில் கோதுமைப் புரதத்திலிருந்து எடுத்தார்கள். 1950-களின் பிற்பகுதியிலிருந்து பாக்டீரியாவை வைத்துப் புளிக்க வைத்துத் தயாரிக்கும் முறை வந்தது. அந்தக் குழம்பின் பி.எச். அளவை 3.2 பக்கம் இறக்கினால் குளுட்டாமிக் அமிலம் படிகமாக இறங்கும்.

இதற்கும் இரண்டு வடிவம். ஆல்பா, குறுணை குறுணையாக, கையில் அள்ளினால் மணல் மாதிரி இருக்கும். பீட்டா, மெல்லிய ஊசியும் தகடுமாக இருக்கும். நிலையானது பீட்டா. ஆலைக்காரனுக்கு வேண்டியதோ ஆல்பா. காரணத்தை இன்ஜினியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குறுணையை வடிகட்டினால் இடுக்குகள் வழியாகத் தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். மெல்லிய ஊசிகள் வடிதுணியில் பாய் விரித்த மாதிரி படுத்துக்கொண்டு வழியை அடைத்துவிடும். கழுவவும் முடியாது, காயவும் காயாது.

1960-களின் தொடக்கத்தில் ஜப்பானில் சகாடா என்பவர் இதை முறையாக ஆராய்ந்தார். கரைசலில் வேறு சில அமினோ அமிலங்கள் சிறிதளவு இருந்தால் பீட்டா தலையெடுப்பதில்லை, ஆல்பா நிலைக்கிறது என்று காட்டினார். எல்லோரும் அசுத்தம் என்று ஒதுக்கியது ஆலைக்கு உதவுகிற ஆளாக மாறியது.

எதிர்ப்பக்கத்தையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு ஆலை, பெயர் வேண்டாம். படிகங்களைப் பிரித்தபின் மிஞ்சும் மதர் லிக்கரைச் சிக்கனத்துக்காகத் திரும்பத் திரும்பச் சுற்ற விட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதிலிருந்த அந்நியப் பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. ஒருநாள் வழக்கமான குறுணைக்குப் பதில் ஊசியாக வந்து இறங்கியது. இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டிய வடிகட்டல் ஷிஃப்ட் மாறியும் முடியவில்லை. ரெசிப்பியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆட்களும் அதே ஆட்கள். எல்லோரும் வெப்பநிலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாறியிருந்ததோ கரைசலில் இருந்த, யாரும் அளக்காத அந்த ஒரு சதவீதம்.

மொட்டு வைத்த செங்கல்

சேர்பொருள் உள்ளே என்னதான் செய்கிறது? இதற்கு மூலக்கூறு அளவில் பதில் சொன்னவர்களில் முக்கியமானவர்கள் இஸ்ரேல் நாட்டு ரெஹோவோத்தில் உள்ள வைஸ்மன் ஆய்வு நிலையத்தின் மேயிர் லஹவ், லெஸ்லி லைசரோவிட்ஸ், இசபெல்லா வைஸ்புக் ஆகியோர். 1980-களின் தொடக்கத்திலிருந்து இந்த வேலையைச் செய்தார்கள். லஹவுக்கும் லைசரோவிட்ஸுக்கும் 2021-ல் வுல்ஃப் பரிசு கிடைத்தது.

அவர்கள் சொன்னதை நம்ம ஊர்க் கொத்தனார் பாஷையில் சொல்கிறேன். சுவர் எழும்புகிறது. செங்கல்லோடு செங்கல்லாக ஒரு திருட்டுச் செங்கல் வருகிறது. அதன் கீழ்ப்பக்கம் மற்றவை மாதிரியே இருப்பதால் வரிசையில் சரியாக உட்கார்ந்துவிடும். மேல்பக்கத்தில் மட்டும் ஒரு மொட்டு. இனி அதற்கு மேல் அடுத்த வரிசை உட்காருமா? அந்த இடத்தில் சுவர் நின்றுவிடும். சேர்பொருளும் அப்படித்தான். ஒரு பாதி, படிகத்தின் சொந்த மூலக்கூறு போலவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உட்காரவே இடம் கிடைக்காது. மறுபாதி வேறாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தடுக்காது. இதைப் புரிந்துகொண்டு, எந்த முகத்தை நிறுத்த வேண்டுமோ அதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி சேர்பொருளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதைக் கிளைசினுக்குப் பொருத்திப் பாருங்கள். கிளைசின் மூலக்கூறின் ஒரு முனையில் நேர் மின்சுமை, மறு முனையில் எதிர் மின்சுமை. ஆல்பா படிகத்தில் மூலக்கூறுகள் எதிரெதிராக ஜோடி சேர்ந்து அடுங்குகின்றன. அதனால் படிகத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வளரும். காமா படிகம் அப்படியில்லை. மூலக்கூறுகள் திருகுபடி மாதிரி மூன்று மூன்றாகச் சுற்றி, எல்லாம் ஒரே திசை பார்த்து அடுங்குகின்றன. ஆகவே அதற்குத் தலை வேறு, வால் வேறு. ஒரு முனை வேகமாக வளரும், மறு முனை மெதுவாக வளரும்.

1994-ல் வைஸ்புக்கும் மற்றவர்களும் ஹெக்ஸாஃப்ளூரோ வேலின் என்ற அமினோ அமிலத்தின் இடக்கை, வலக்கை வடிவங்கள் இரண்டையும் சமமாகக் கலந்து கிளைசின் கரைசலில் சிறிதளவு சேர்த்தார்கள். அது ஆல்பாவின் இரண்டு பக்கத்தையும் அடைத்துவிட்டது. காமாவில் மெதுவாக வளரும் முனையை மட்டுமே அதனால் அடைக்க முடிந்தது. வேகமான முனை திறந்தே கிடந்தது. பந்தயத்தில் காமா ஜெயித்தது. கவனியுங்கள், சேர்பொருள் காமாவுக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. ஆல்பாவின் காலைக் கட்டிப்போட்டது, அவ்வளவுதான்.

பழைய புதிர்களும் இந்தச் சாவியால் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1997-ல் இங்கிலாந்தில் டேவியும் சகாக்களும் ட்ரைமெசிக் அமிலத்தைக் கொண்டு குளுட்டாமிக் அமிலத்தின் ஆல்பா வடிவம் பீட்டாவாக மாறாமல் காத்தார்கள். 2004-ல் டேவியின் குழுவே இட்டாக்காவின் அசெட்டிக் அமிலப் புதிருக்கு விளக்கம் சொன்னது. புளிப்பான கரைசலிலும் காரமான கரைசலிலும் கிளைசின் மூலக்கூறுகளில் ஒரு பகுதி மின்சுமை மாறிய அயனியாகிறது. அந்த அயனியே ஆல்பா வளர்ச்சிக்குத் தடையாக நிற்கிறது. தன் வீட்டுப் பிள்ளையே குறுக்கே படுத்துக்கொண்ட கதை! 2005-ல் வைஸ்மன் குழு, ஆல்கஹால் சேர்த்தால் ஏன் பீட்டா வருகிறது என்பதையும் இதே வழியில் விளக்கியது. ஆல்கஹால் மூலக்கூறுகள் மற்ற இரண்டு வடிவங்களின் முகங்களையும் மறித்துக்கொள்கின்றன.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தண்ணீரிலேயே கிளைசின் ஜோடி ஜோடியாக மிதக்கிறது, அதனால்தான் ஜோடி அடுக்குள்ள ஆல்பா வருகிறது என்று பல வருடம் புத்தகங்களில் இருந்தது. 2008-ல் அமெரிக்காவில் லியான் யூவின் குழு அளந்து பார்த்தபோது பெரும்பாலானவை ஒற்றையாகவே இருப்பது தெரிந்தது. பாதி விளக்கத்தை மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

உள்ளேயே குடியேறும் சேர்பொருள்

வாசலில் நின்று தடுப்பவை ஒரு ரகம். படிகத்துக்குள்ளேயே குடியேறுபவை இன்னொரு ரகம். 1956-ல் பெல் ஆய்வகத்தில் ட்ரைகிளைசின் சல்பேட் என்ற படிகத்தின் மின் முனைப்பைக் கண்டார்கள். மூன்று கிளைசினுக்கு ஒரு கந்தக அமிலம். வெப்பக் கதிர் பட்டால் மின்சுமை தரும், எனவே அகச்சிவப்புக் கதிரை உணர அருமையான பொருள். குறை என்னவென்றால் சுமார் 49 டிகிரியைத் தாண்டினால் முனைப்பு போய்விடும், குளிர்ந்தபின் தானாகச் சீராகத் திரும்பாது. 1971-ல் லாக் என்பவர் வளரும் கரைசலில் எல்-அலனைன் சேர்த்தார். அலனைன், கிளைசினுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, கூடுதலாக ஒரு மீத்தைல் மட்டும். அது சில கிளைசின்களின் இடத்தில் போய் உட்கார்ந்து, முனைப்பை ஒரே திசையில் பூட்டிவிட்டது. நம் கல்லூரிகளில் உள்ள எஃப்.டி.ஐ.ஆர். கருவிகள் பலவற்றில் இந்த வம்சத்துப் படிகம்தான் கண்ணாக இருக்கிறது.

நம்ம ஊர் அத்தியாயம்

படிகம் வளர்ப்பதில் தமிழ்நாட்டுக்கு நல்ல பெயர் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் 1982-ல் படிக வளர்ப்பு மையம் தொடங்கியது. அங்கே பயின்றவர்கள் வழியாகப் பல கல்லூரிகளின் இயற்பியல் துறைகளில் படிகம் வளர்க்கும் பழக்கம் பரவியது. பெரிய செலவில்லை. பீக்கர், வெந்நீர்த் தொட்டி, நல்ல தராசு, நிறையப் பொறுமை.

காமா கிளைசின் இவர்களுக்கு மிகவும் பிடித்த பொருள். அதன் அடுக்கு ஒரே திசை பார்ப்பதால், 1064 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சினால் 532-ல் பச்சை ஒளி வரும். ஆல்பாவில் வராது. 2002-ல் மங்களூர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் சோடியம் குளோரைடு, அதாவது சாதாரண உப்பைச் சேர்த்துக் காமா கிளைசின் வளர்த்ததை வெளியிட்டார்கள். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் 2007 வாக்கில் இந்த வேலை நடந்தது. சிட்டிகை உப்பு போதாது, கணிசமாகப் போட வேண்டும். ஆனால் முடிவில் வரும் படிகம் கிளைசின்தான். உப்பு கரைசலிலேயே நின்றுவிடுகிறது.

இங்கேதான் ஒரு வழுக்கல் நேர்ந்தது. கிளைசினோடு ஏதோ ஒரு உலோக உப்பைப் போட்டு, வளர்ந்த படிகத்துக்கு இரண்டின் பெயரையும் சேர்த்து வைத்து, 'புதிய படிகம்' என்று பல ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. பச்சை ஒளியும் வந்தது. ஆனால் சிலவற்றில் உலோகம் உள்ளே போகவே இல்லை. உப்பு, வடிவத்தை ஆல்பாவிலிருந்து காமாவுக்கு மாற்றியது, அவ்வளவுதான். பச்சை ஒளி தந்தது பழைய காமா கிளைசின். 2010-ல் ஃப்ளெக், பெட்ரோசியான் என்ற இருவர், அமினோ அமில உப்புகள் பற்றிய இத்தகைய தவறான அறிவிப்புகளைத் தொகுத்து ஒரு விமர்சனமே எழுதினார்கள். அப்படிப்பட்ட கட்டுரைகளில் இந்தியாவிலிருந்து போனவை நிறைய, நம் மாநிலத்திலிருந்து போனவையும் உண்டு.

இதைக் குறை சொல்லும் நோக்கத்தில் எழுதவில்லை. குறைந்த வசதியில், சொந்தக் காசில் கெமிக்கல் வாங்கி, ராத்திரி பகலாகத் தொட்டியைக் காத்தவர்களின் உழைப்பு பொய்யில்லை. ஆனால் மூன்று வருட உழைப்பு, 1954-லேயே தெரிந்துவிட்ட ஒரு பொருளில் போய் முடிவது எவ்வளவு பெரிய நஷ்டம்! இத்தனைக்கும் அங்கே உண்மையிலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. இந்த உப்பு ஏன் ஆல்பாவை நிறுத்தியது, எந்த அளவில் நிறுத்தியது, எந்த முகத்தில் நிறுத்தியது? தவறான பெயர் வைத்ததில் அந்த நல்ல கேள்வி கை நழுவிவிட்டது.

தம்பி தங்கைகளுக்கு

நான் சொல்ல வந்தது இதுதான். பீக்கரில் என்ன போட்டோம் என்பது நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். படிகத்தில் என்ன வந்தது என்பதைப் படிகத்தைக் கேட்டால்தான் தெரியும். ஆலையிலும் அப்படித்தான், ஆராய்ச்சியிலும் அப்படித்தான்.

கேட்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. புராஜெக்டில் இருக்கும் மாணவர்கள் நம் லேபிலேயே செய்து பார்க்கலாம். ஒரே அளவு கிளைசினை இரண்டு பீக்கரில் கரையுங்கள். ஒன்றில் மட்டும் உப்பு சேருங்கள். இரண்டையும் வடிகட்டி, துளையிட்ட தாளால் மூடி, ஆடாமல் அசையாமல் ஆவியாக விடுங்கள். வந்த படிகங்களைப் பவுடராக்கி எக்ஸ்ரே கோலம் எடுத்து, ஏற்கெனவே வெளியான மூன்று வடிவங்களின் கோலத்தோடு ஒப்பிடுங்கள். படிகத்தைத் துடைத்துச் சுத்தம் செய்தபின் அதில் சோடியம் எவ்வளவு இருக்கிறது என்று ஃப்ளேம் போட்டோமீட்டரில் பாருங்கள். காமாவைச் சூடாக்கினால் சுமார் 170 டிகிரி அளவில் ஆல்பாவாக மாறும், வெப்பப் பகுப்பாய்வில் அதுவும் தெரியும். இந்த மூன்று சோதனைக்குப் பிறகு பெயர் வையுங்கள்.

பவுடர் எக்ஸ்ரே கருவி இல்லாத கல்லூரிகளுக்கு, நம் முன்னாள் மாணவர்களில் கருவியோடு வேலை செய்கிறவர்கள் வருடத்துக்குப் பத்து சாம்பிள் எடுத்துக் கொடுத்தாலே போதும், பல புராஜெக்டுகள் சரியான பாதையில் போகும். நம் சங்கம் இதை ஒரு திட்டமாக எடுத்துச் செய்ய வேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். என் பங்குக்கு, நான் வேலை பார்க்கும் இடத்தில் அனுமதி பெற்று முதல் பத்து சாம்பிளை நானே எடுத்துத் தருகிறேன்.

நம் கல்லூரி வாழ்க. மீண்டும் சந்திப்போம்.